யாருக்கு நட்டம்? - கொழும்பு ட்ராம் வண்டியின் கதை

கொட்டாஞ்சேனையில் நாம் கற்பிக்கும் பாடசாலையிலிருந்து பாலத்துறை அதிக தூரமன்று. சென்ற தவணையின் இறுதி வாரத்தில், பத்தாந் தரத்து மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஆமர் வீதிப் பக்கமாக நடந்தோம். நகரத்தின் வரலாற்றைப் பாடநூலில் மட்டும் படித்தால் அது பரீட்சையோடு முடிந்துவிடும். காலால் நடந்து படித்தால் சிறிது காலமாவது நெஞ்சில் நிற்கும் என்பது எமது நம்பிக்கை. வழியில், சிறு கடையொன்றின் வாயிலில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். சிறுவயதில் ட்ராம் வண்டியில் ஏறியவர். "ஆடி ஆடித்தான் வரும் தம்பிமாரே, ஆனால் வரும்" என்றார் அவர். அந்த இறுதிச் சொல்லை அவர் அழுத்திச் சொன்ன விதம் எம்மைச் சிந்திக்க வைத்தது.

"பிறகு ஏன் நிப்பாட்டினவை?" என்று ஒரு மாணவன் கேட்டான். "நட்டம் எண்டு சொன்னவை" என்றார் பெரியவர். திரும்பி வரும்போது அம்மாணவன் எமது பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டான்: "சேர், நட்டம் எண்டா ஆருக்கு நட்டம்?"

இக்கட்டுரை அம்மாணவனுக்கு நாம் கூற முயலும் விடையாகும். 'நட்டம்' என்பது ஆராய்ச்சியைத் தொடக்கிவைக்க வேண்டிய சொல். ஆனால் நமது பொது வாழ்வில் அது எப்போதும் ஆராய்ச்சியை முடித்துவைக்கும் சொல்லாகவே வழங்கி வந்திருக்கிறது. பாடசாலை மதிய உணவு நட்டம், தபால் நட்டம், புகையிரதம் நட்டம் என்பர். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நாமும் வாய்மூடி விடுகின்றோம். யாருடைய கணக்கில் நட்டம், யாருடைய கணக்கில் இலாபம் என்று வினவும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை.

கொழும்பில் ட்ராம் வண்டி ஓடத் தொடங்கியது 1899 ஆம் ஆண்டில். அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளில் இந்நகரம் பெரும் மாற்றத்துக்கு உள்ளாகியிருந்தது. துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு 1885இல் நிறைவெய்தியதும், கொழும்பு கீழைத்தேயக் கப்பற் பாதைகளின் சந்தியாயிற்று. தேயிலை ஏற்றுமதி பெருகியது. களனி ஆற்றின் குறுக்கே பாலத்துறையிற் கிடந்த பழைய படகுப் பாலத்துக்குப் பதிலாக 1895இல் விக்டோரியாப் பாலம் எழுந்தது. அதே 1895இல் பூஸ்டட் சகோதரர் கொம்பனி கோட்டைப் பகுதியில் மின்விளக்கேற்றியது. மின்சாரத்தை உற்பத்தி செய்தவர்களுக்கு அதனை வாங்குவோர் வேண்டும். இரவில் விளக்கு, பகலில் ட்ராம் என இரண்டையும் ஒரே முதலாளியம் கையிலெடுத்ததில் வியப்பில்லை. கொழும்பு மின்சார ட்ராம்வே மற்றும் விளக்குக் கொம்பனி என்ற பெயரே அதற்குச் சான்று.

பாதைகள் இரண்டு. ஒன்று கோட்டையிலிருந்து புறக்கோட்டைப் பிரதான வீதி வழியாகப் பாலத்துறைக்குச் சென்றது. மற்றையது மருதானை வழியாகப் பொறளைக்குச் சென்றது. தண்டவாளங்களின் அகலம் 3 அடி 6 அங்குலம். இப்பாதைகளின் போக்கை உற்று நோக்குமிடத்து அவற்றின் நோக்கமும் விளங்கும். கறுவாத்தோட்டத்து மாளிகைவாசிகளுக்குக் குதிரை வண்டியும் பின்னர் மோட்டார் வண்டியும் இருந்தன. ட்ராம் சென்றது துறைமுகத் தொழிலாளரும், கடைச் சிற்றூழியரும், அச்சகத்தாரும், எழுதுவினைஞரும் வாழ்ந்த பகுதிகளை நோக்கி. உழைப்பு விடிய முன் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு வரவேண்டும். பொழுது பட்டபின் திரும்ப வேண்டும். அந்த வருகையையும் போகையையும் காசாக்குவதே கொம்பனியின் தொழில். ஆயினும் முதலாளியின் நோக்கம் எதுவாயினும், பயன் மக்களுக்கும் கிட்டிற்று என்பதை மறுப்பதற்கில்லை. பக்கங்கள் திறந்த அவ்வண்டியின் நீண்ட ஆசனங்களில் எவரும் எவர் அருகிலும் அமரவேண்டியிருந்தது. சாதியும் சமயமும் மொழியும் தத்தம் வேலிகளை அடைத்து வைத்திருந்த ஒரு சமுதாயத்தில், இது சிறிய காரியமன்று.

இனிக் கணக்கைப் பார்ப்போம்.

ட்ராம் என்பது தொடக்கத்திற் பெருஞ் செலவையும் பின்னர் நீண்ட ஆயுளையும் உடைய சாதனம். தண்டவாளமும் மின்கம்பியும் மின்நிலையமும் முதலிற் பெருந்தொகையை விழுங்கும். ஆனால் தண்டவாளமும் தேயும், வண்டியும் பழுதுறும். ஆண்டுதோறும் வருமானத்தில் ஒரு பகுதியைப் புதுப்பித்தலுக்கென ஒதுக்கி வைத்தாலன்றி, முப்பது நாற்பது ஆண்டுகளில் முழு அமைப்பும் ஒருசேரக் கிழடுதட்டிவிடும். இதில் முதலாளியத்தின் இயல்பு எத்தகையது என்பதற்குப் பிரித்தானியாவின் 1870 ஆம் ஆண்டு ட்ராம்வேச் சட்டம் நல்ல உதாரணமாகும். 21 ஆண்டுகள் கழிந்ததும் உள்ளூராட்சிச் சபை ட்ராம்வேயை வாங்கிக்கொள்ளலாம் என்றது அச்சட்டம். விலையோ பொருளின் அன்றைய மதிப்பு மட்டுமே. நாளை பிறர் கைக்குப் போகவிருக்கும் பொருளை இன்று எவன் செலவழித்துப் புதுக்குவான்? அங்கிருந்த கொம்பனிகள் பல, இயன்றவரை கறந்துவிட்டு எலும்பை நகரசபைகளிடம் ஒப்படைத்தன. அச்சட்டத்தில் வேறொரு விதியும் உண்டு. தண்டவாளங்களுக்கு இடையிலும் அவற்றின் இருமருங்கிலும் உள்ள வீதியை ட்ராம்வேக்காரரே செப்பனிட வேண்டும். பின்னாளில் வந்த பஸ் வண்டியோ பொதுப்பணத்திற் செப்பனிடப்பட்ட வீதியில் ஓடிற்று. ஒருவன் தன் பாதையைத் தானே போட்டுக்கொண்டு ஓடவேண்டும். மற்றவன் ஊரார் போட்ட பாதையில் ஓடலாம். ஓட்டத்தின் முடிவில் முன்னவன் பின்தங்கிவிட்டான் எனத் தீர்ப்புக் கூறுவது நீதியாகுமா?

கொழும்பில் மற்றொரு பிரிவினையும் நேர்ந்தது. 1927இல் அரசாங்க மின்சார முயற்சிகள் திணைக்களம் அமைந்து, மின்விளக்கு வழங்கும் பணி அரசின் பொறுப்பாயிற்று. ட்ராம் மட்டும் கொம்பனியின் கையில் நின்றது. விளக்கின் வருமானமும் வண்டியின் வருமானமும் ஒன்றையொன்று தாங்கிய அமைப்புக் கலைந்தது. 1930களில் தனியார் பஸ் முதலாளிமார் ஒரே பயணிக்காக வீதியிற் போட்டியிட்டனர். பஸ் சேவைகளுக்கு உரிமமளித்து ஒழுங்குசெய்யும் சட்டம் 1942இல்தான் வந்தது. தனித்து விடப்பட்ட ட்ராம் வண்டி இப்போட்டியில் எவ்வாறு நிமிரும்?

இவையெல்லாம் முதலின் கணக்கு. உழைப்பின் கணக்கு வேறு. 1929 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஏ. ஈ. குணசிங்க தலைமையிலான இலங்கைத் தொழிற்சங்கம் அவர்களை வழிநடத்தியது. பெப்ரவரியில் மருதானைப் பொலிஸ் நிலையத்தின் முன் திரண்ட மக்கள்மீது பொலிசார் சுட்டனர். ஐவர் உயிரிழந்தனர். அவ்வாண்டிலேயே முதலாளிமார் தமக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்தனர். அச்சம்மேளனமே தொழிற்சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தமொன்றிற் கையெழுத்திடவும் நேர்ந்தது. தொழிற்சங்கத்தோடு பேசித்தான் ஆகவேண்டும் என்பதை இந்நாட்டு முதலாளிகள் ஏற்ற முதற் பெரும் ஒப்பந்தங்களில் அது ஒன்றாகும். இன்று தொழிலாளர் அனுபவிக்கும் உரிமைகளுள் ஒரு பங்கு அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் வாங்கப்பட்டது. விலையாக ஐந்து உயிர்கள் கொடுக்கப்பட்டன. இந்த வரவை எந்தக் கொம்பனியின் ஐந்தொகையிலும் காண முடியாது.

ஆனால் வரலாறு நேர்கோட்டிற் செல்வதில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1933இல், நாம் குடியிருக்கும் வெள்ளவத்தையின் நெசவாலையில் வேலைநிறுத்தம் மூண்டது. அங்குத் தொழிலாளருக்குத் தலைமை தாங்கியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1929இல் ட்ராம் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய அதே குணசிங்க, இப்போது இந்தியத் தொழிலாளருக்கு எதிரான இனவாதக் குரலோடு எதிர்ப்பக்கத்தில் நின்றார். பொருளாதார மந்தத்தில் வேலை அருகிய காலத்தில், முதலாளியை நோக்கி நீளவேண்டிய கை அயலானை நோக்கி நீண்டது. இதனை ஈண்டுக் குறிப்பிடக் காரணம் உண்டு. ஒரு பொதுச் சேவையை இரும்பும் மின்சாரமும் மட்டும் தாங்குவதில்லை. அதனை நடத்துவோரும் அதிற் செல்வோரும் ஒன்றுபட்டு, 'இது எமது' என்று கூறும் வலிமையும் சேர்ந்தே தாங்குகிறது. அவ்வொற்றுமை பிளவுண்ட நகரத்திலே பொதுச்சொத்துக்குக் காவலாளி இல்லை.

1944இல் கொழும்பு மாநகரசபை ட்ராம் சேவையைப் பொறுப்பேற்றது. மக்களின் சபை மக்களின் வண்டியை ஏற்றது வரவேற்கத்தக்க செயலே. ஆனால் ஏற்ற நேரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து ஆண்டு உழைத்த அமைப்பு அது. போர்க்காலத்தில் பெற்றோல் பங்கீட்டுக்கு உட்பட்டபோது சுமை கூடியது. உதிரிப்பாகம் கப்பலேறி வருவது அரிதாயிற்று. நகரத்தின் நிலச்சொந்தக்காரருக்கும் வணிகருக்கும் ட்ராம் பாதையோரம் பெற்றுக் கொடுத்த நிலவிலை உயர்வும் வியாபாரப் பெருக்கும் அவர்களிடமே இருந்தன. தேய்மானம் மட்டும் நகரசபையிடம் வந்தது. இலாபம் தனியாருக்கு, தேய்மானம் பொதுமக்களுக்கு என்பது அன்று தொடங்கிய வழக்கமுமன்று. அன்றோடு முடிந்த வழக்கமுமன்று.

தண்டவாளத்தைப் புதுக்குவதற்குப் பதிலாக, தண்டவாளம் வேண்டாத, மேலே மின்கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் ட்ரொலி பஸ்ஸை மாநகரசபை தெரிந்தெடுத்தது. அது 1953இல் ஓடத் தொடங்கியது. இவ்வாண்டைச் சற்று நின்று நோக்குதல் தகும். ஏனெனில் ஒரே ஆண்டில் மூன்று கடற்றுறை நகரங்கள் இதே வினாவுக்கு மூன்று வெவ்வேறு விடைகளைக் கூறின.

சென்னையில் 1895இல் இந்தியாவின் முதல் மின்சார ட்ராம் ஓடிற்று. 1953 ஏப்ரிலில் கொம்பனி நட்டக் கணக்கைக் காட்டிச் சேவையை அடியோடு நிறுத்தியது. கல்கத்தாவில் அதே ஆண்டு ஜூலையில், பிரித்தானியருக்குச் சொந்தமான ட்ராம் கொம்பனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசாவால் உயர்த்தியது. மக்கள் உயர்ந்த கட்டணத்தைக் கொடுக்க மறுத்து வீதிக்கு இறங்கினர். பல வாரப் போராட்டத்தின் பின் அவ்வுயர்வு கைவிடப்பட்டது. கொழும்போ பழையதை ஓரங்கட்டிப் புதியதை இறக்குமதி செய்தது.

ஒரு பைசாவுக்காகவா இவ்வளவு ஆரவாரம் என்று அன்று சிலர் நகைத்திருப்பர். அவர்களுக்கு விடை அடுத்த மாதமே இலங்கையிற் கிடைத்தது. 1953 ஓகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தால் நாட்டை ஸ்தம்பிக்கச் செய்தது. பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியிருந்தது. புகையிரத, தபால் கட்டணங்கள் கூட்டப்பட்டிருந்தன. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டிருந்தது. அரிசியும் பயணமும் பிள்ளையின் உணவும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதைக் கவனிக்க வேண்டும். ஏழையின் வீட்டில் இவை மூன்றும் ஒரே மடிச்சீலையிலிருந்து வெளியேறும் காசு. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். மக்கள் ஒன்றுபட்டபோது 'நட்டம்' என்ற சொல் தன் மந்திர வலிமையை இழந்தது.

எனினும் கொழும்பு ட்ராம் வண்டிக்காக அத்தகைய குரல் எழவில்லை. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அது முற்போக்கான செயலென்பதில் ஐயமில்லை. 1960இல் ட்ராம் ஓய்ந்தது. அதற்கு மாற்றாக வந்த ட்ரொலி பஸ்ஸும் 1964இல் மறைந்தது. ஒரு தலைமுறைக்கெனப் போடப்பட்ட மின்கம்பிகள் பதினொரு ஆண்டில் அவிழ்க்கப்பட்டன. லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியிருந்தது. மலையகத்து நீரினாற் பெற்ற மின்சாரத்தில் ஓடக்கூடிய வண்டிகளைக் கைவிட்டு, கப்பலில் வரும் எண்ணெய்க்கு நகரத்தின் போக்குவரத்தை முழுமையாக ஒப்படைத்தோம். இதனால் நாடு ஆண்டுதோறும் இழந்த அந்நியச் செலாவணி எந்த நட்டக் கணக்கில் எழுதப்பட்டது?

ட்ராம் என்பது காலங்கடந்த பொருள். அது எங்கும் மறைந்தேதான் தீரும் என்பாருக்கு ஹொங்கொங்கைக் காட்டலாம். கொழும்புக்கு ஐந்து ஆண்டு பிந்தி, 1904இல் அங்கு ட்ராம் தொடங்கியது. அதே பிரித்தானியப் பேரரசு. அதே கடற்றுறை வாழ்வு. தண்டவாளத்தின் அகலமும் அதே 3 அடி 6 அங்குலம். அங்கு இரட்டைத்தட்டு வண்டிகள் இன்றும் மலிந்த கட்டணத்தில் ஓடுகின்றன. மக்கள் நெருங்கி வாழும் கரையோரம் நெடுகப் பாதை செல்கிறது. வண்டியின் உடம்பில் எழுதும் விளம்பரம் வருமானம் தருகிறது. வண்டிகள் காலத்துக்குக் காலம் புதுக்கப்படுகின்றன. வயது ட்ராம் வண்டியைக் கொல்லவில்லை. புதுக்காமையே கொல்கிறது.

சான் பிரான்சிஸ்கோவின் கதை வேறொரு பாடத்தைத் தரும். மலைச்சரிவுகளிற் கம்பிவடத்தால் இழுக்கப்படும் அந்நகரத்து வண்டிகளை நீக்கிவிட 1947இல் நகர முதல்வர் முனைந்தார். ஃப்ரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி குடிமக்கள் குழுவொன்றைத் திரட்டினார். நகரவாசிகளின் வாக்கெடுப்பில் மூன்றில் இரு பங்குக்கும் மேலானோர் வண்டிகளைக் காக்கவே வாக்களித்தனர். 1982 முதல் 1984 வரை சேவையை நிறுத்தி, ஏறத்தாழ 6 கோடி டொலர் செலவில் அமைப்பு முழுவதையும் புதுப்பித்தனர். இன்று ஒரு தடவை ஏறும் உல்லாசப் பயணி சாதாரண பஸ் கட்டணத்தின் இரு மடங்குக்கும் அதிகமாகக் கொடுக்கிறான். மாதச் சீட்டு வைத்திருக்கும் நகரவாசியோ வேறு கட்டணமின்றி ஏறலாம். வந்து பார்ப்பவன் கொடுக்கட்டும், வாழ்பவன் ஏறட்டும் என்ற இவ்வேற்பாடு எமக்குப் பிடித்திருக்கிறது. அமெரிக்காவின் தென்கரையிலுள்ள கால்வெஸ்டன் என்னும் சிறு தீவு நகரிலும் 1988இல் மீண்டும் தொடங்கிய ட்ராம் சேவை, 2008 புயலிற் சிதைந்து, 2021இல் திரும்ப ஓடிற்று. பதின்மூன்று ஆண்டு தாமதமாயினும் பொதுப்பணம் அதனை மீட்டது.

ஆனால் கல்கத்தாவை மறைத்துவிட்டு இவற்றை மட்டும் கூறுவது நேர்மையாகாது. 1953இல் ஒரு பைசாவைக் காத்த நகரம் அது. 1967இல் அரசு நிர்வாகத்தை ஏற்றது. பின்னர் உடைமையும் அரசினதாயிற்று. 2023இல் அங்கு ட்ராம் 150 ஆண்டுகளைக் கண்டது. ஆயினும் 2024 செப்டெம்பரில், மைதானத்தையொட்டிய ஒரு குறுகிய பாதை தவிர ஏனையவற்றைக் கைவிடப் போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. குறைந்த கட்டணத்தைக் காத்தனர், அது வெற்றியே. ஆனால் தண்டவாளத்தையும் வண்டியையும் புதுக்க யார் பணம் தருவர் என்ற அடுத்த வினாவுக்கு விடை காணப்படவில்லை. உடைமை பொதுவாவது முதற்படி மட்டுமே. பொதுவுடைமைக்கும் புதுப்பித்தல் நிதி வேண்டும். இது கசப்பான பாடம். எனினும் முற்போக்காளராகிய நாம் கற்கவேண்டிய பாடம்.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்குமிடத்து மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. ஒன்று, பயணியின் கட்டணம் மட்டும் எந்த நகரச் சேவையையும் நெடுங்காலம் தாங்காது. அதனால் நிலவிலையும் வியாபாரமும் பெருகப் பெற்றவர்கள் வரியாகத் தம் பங்கைத் தரவேண்டும். இரண்டு, புதுப்பித்தற் பணத்தை ஆண்டுதோறும் தனியே வைக்கவேண்டும். நெருக்கடி வந்தபோது தேடுவது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதாகும். மூன்று, ஓட்டுநருக்கும் பயணிக்கும் நிர்வாகத்திற் குரல் வேண்டும். அவர்களே அச்சேவையின் உண்மையான காவலர்.

இவை பழங்கதையைச் சார்ந்த வினாக்கள் அல்ல. 2019 மார்ச்சில், மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில்பாதை அமைக்க ஜப்பானோடு கடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வட்டி நூற்றுக்கு 0.1, அடைக்கும் காலம் 40 ஆண்டு. 2020 செப்டெம்பரில், செலவு மிகுதி என்று கூறி அரசு அதனைக் கைவிட்டது. அத்திட்டம் குறையற்றது என்று நாம் வாதிட வரவில்லை; கடன் எதுவாயினும் ஆராய்ந்தே பெறவேண்டும். ஆனால் அந்த முடிவை எடுக்குமுன் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் தொங்கிவரும் தொழிலாளியிடம் எவரும் கேட்டதாக நாம் அறியோம். செலவு யாருக்கு மிகுதி? 2022இல் எண்ணெய் இல்லாது வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. கொழும்புப் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு மின்சாரமும் வெட்டப்பட்டது உண்மைதான். மின்வண்டி மட்டும் எம்மை அந்நெருக்கடியிலிருந்து காத்திருக்கும் என்று கூறமாட்டோம். ஆனால் எம் வகுப்பறைகள் வெறுமையாய்க் கிடந்த அந்நாட்கள் எந்த நட்டக் கணக்கிலும் ஏறவில்லை என்பதை மட்டும் கூறுவோம்.

நாளை எவரேனும் கோட்டையின் பழைய கட்டிடங்களுக்கு இடையே அலங்கார ட்ராம் ஒன்றை ஓட்டிப் பார்க்கலாம். அது வந்தால் நாமும் மகிழ்ச்சியோடு ஏறுவோம். ஆனால் அதன் தண்டவாளம் பாலத்துறைக்கும் மருதானைக்கும் வாராமல், உல்லாச விடுதிகளின் வாயிலோடு நின்றுவிடுமாயின் அது வரலாற்றை மீட்டதாகாது. வண்டியின் வடிவை மட்டும் மீட்டு, அதில் ஏறியவர்களை மறந்ததாகவே முடியும்.

கேள்வி கேட்ட மாணவனின் தந்தை துறைமுகத்திற் கூலி வேலை செய்பவர். தாய் வெள்ளவத்தையில் ஒரு தையற்கடைக்கு நாள்தோறும் பஸ்ஸிற் சென்று வருபவர். பஸ் பிந்தினால் அவர் சம்பளத்தில் வெட்டு விழும். ஆகவே தம்பி, உனது வினாவுக்கு விடை உன் வீட்டிலேயே இருக்கிறது. கொம்பனிக்கு நட்டம் வந்தபோது அது கணக்கை மூடிக்கொண்டு போயிற்று. நகரசபைக்கு நட்டம் வந்தபோது அது கம்பியைக் கழற்றிற்று. போவதற்கு வேறு வழியில்லாதவர்களே இன்றுவரை அந்த நட்டத்தைச் சிறுகச் சிறுகக் கட்டி வருகின்றனர். பெரியவர் சொன்னது போல ஆடி ஆடியேனும் வந்துசேரும் ஒரு வண்டியைக் கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. அடுத்த முறை எவரேனும் 'நட்டம்' என்றால், நீ எழுந்து நின்று உன் வினாவை உரத்துக் கேள்.